விண்ணோடி யார், தொகுதி எது?

விண்வெளிச் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ராக்கெட், எரிபொருள், எஞ்சின் எல்லாம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. கால் வழுக்குவது இரண்டு இடங்களில். மேலே போன ஆளை என்ன சொல்லி அழைப்பது? மேலே பலவாகச் சுற்றும் செயற்கைக்கோள்களை என்ன சொல்லி அழைப்பது? இரண்டுக்கும் அகராதியில் சொல் கிடைக்கும். ஆனால் அகராதி ஒரே சொல்லைத் தரும் இடத்தில் துறைக்காரர்கள் நான்கைந்து வேறுபாடு பார்க்கிறார்கள். அந்த வேறுபாடு தமிழில் விடுபட்டால் வாக்கியம் அழகாகவே இருக்கும், தகவல் மட்டும் தப்பாகப் போயிருக்கும்.

முதலில் ஆள்.

'ஆஸ்ட்ரோநாட்' என்பது இரண்டு கிரேக்கச் சொற்களின் ஒட்டு. முன்பாதி விண்மீன், பின்பாதி கப்பலோட்டி. விண்மீன் பக்கம் இதுவரை யாரும் போகவில்லை, நிலவோடு சரி என்பது வேறு விஷயம். 1880-இல் வந்த ஓர் ஆங்கிலக் கற்பனைக் கதையில் இதே சொல் கலத்தின் பெயராக வருகிறது. 1959 ஏப்ரல் 9 அன்று நாசா தன் மெர்க்குரித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த எழுவரை உலகுக்குக் காட்டிய பிறகு அது ஒரு வேலையின் பெயராக நிலைத்துவிட்டது. சோவியத் ஒன்றியம் பின்பாதியை வைத்துக்கொண்டு முன்பாதியை மாற்றியது. 'காஸ்மோஸ்' என்றால் அண்டம், அதனால் 'காஸ்மோநாட்'. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்ததும் உலகம் முழுக்க அந்தச் சொல்லும் பரவியது. பிரெஞ்சுக்காரர்கள் 'விண்வெளி' என்பதற்கான தங்கள் சொல்லை முன்னால் ஒட்டித் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். சீனர்களுக்கு 'டைகோநாட்' என்று எழுதுவது வெளிநாட்டு ஊடகங்களின் பழக்கம். சீன மொழியில் அவர்கள் தங்கள் ஆட்களைச் சொல்வது 'ஹாங்தியன்யுவான்'. 2003 அக்டோபர் 15 அன்று ஷென்சோ-5 கலத்தில் போன யாங் லிவெய் தன் நாட்டு ஆவணங்களில் அந்தப் பெயரால்தான் இருக்கிறார்.

இத்தனை பெயர்களில் எதை எப்போது எழுதுவது? பலர் செய்யும் தவறு, ஏறிய கலத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது. ரஷ்யக் கலமான சோயுஸில் போனால் காஸ்மோநாட், அமெரிக்கக் கலத்தில் போனால் ஆஸ்ட்ரோநாட் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு அப்படியல்ல. எந்த நாட்டின் பயிற்சிப் படையைச் சேர்ந்தவர் என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது. ரஷ்யரான செர்கேய் கிரிகாலேவ் 1994 பிப்ரவரியில் எஸ்டிஎஸ்-60 பயணத்தில் அமெரிக்க விண்வெளி ஓடமான ஷட்டிலில் பறந்தார். அப்போதும் அவர் காஸ்மோநாட்தான். மறு ஆண்டு மார்ச்சில் அமெரிக்கரான நார்மன் தகார்ட் சோயுஸ் ஏறி ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அவர் ஆஸ்ட்ரோநாட்தான். வண்டி மாறினால் ஆள் மாறுவதில்லை.

இந்த விதியை ராகேஷ் சர்மாவுக்குப் பொருத்தினால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் சல்யூத்-7 நிலையத்துக்குப் போனபோது இந்தியாவுக்கென்று அப்படி ஒரு படை கிடையாது. இந்திய விமானப் படையிலிருந்து போய், சோவியத்தின் இன்டர்காஸ்மாஸ் திட்டத்தில் பயிற்சி பெற்றவர். ஆகவே அவரைக் காஸ்மோநாட் என்று எழுதுவது சரி. கல்பனா சாவ்லா நாசாவின் படையில் தேர்வாகி 1997-இலும் 2003-இலும் பறந்தவர். அவர் ஆஸ்ட்ரோநாட். 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் கிளம்பி ஜூலை 15 அன்று திரும்பிய சுபான்ஷு சுக்லா ஏறியது அமெரிக்கக் கலம், தங்கியது பன்னாட்டு விண்வெளி நிலையம், ஆனால் படை இந்தியாவுடையது. 2024 பிப்ரவரி 27 அன்று ககன்யான் திட்டத்துக்காக அறிவிக்கப்பட்ட நால்வரில் அவர் ஒருவர். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப் மற்ற மூவர். இந்த நால்வருக்கும் இந்தியா வைத்திருக்கும் பெயர் 'ககன்யாத்ரி'.

இந்தப் பெயரைத் தமிழாக்கும்போது ஒரு சறுக்கல் நடக்கிறது. 'ககனம்' நமக்கு அன்னியமில்லை, வானம் என்ற பொருளில் பழைய எழுத்தில் நிறையப் புழங்கியதுதான். சிக்கல் பின்பாதியில். வடக்கே 'யாத்ரி' என்றால் ரயிலில் போகிறவரும் யாத்ரிதான். தமிழில் 'யாத்ரீகர்' என்று எழுதியதும் காசி, ராமேஸ்வரம், மெக்கா என்று மனசு புனிதத் தலங்களுக்குப் போய்விடும். 'ககன யாத்ரீகர்' என்று படிக்கிறவர், இவர் ஏதோ நேர்த்திக்கடன் தீர்க்கப் போகிறார் என்று நினைக்க இடமுண்டு. ஆகவே அதைப் பெயர்ச்சொல்லாக 'ககன்யாத்ரி' என்றே விட்டுவிட்டு, முதல் முறை வரும் இடத்தில் 'ககன்யான் திட்டத்தின் விண்ணோடிகள்' என்று விளக்கிவிடுவது நல்லது. 'வியோமநாட்' என்ற சொல்லையும் இந்திய ஆங்கில ஏடுகளில் பார்க்கலாம். வடமொழித் தலையும் கிரேக்க வாலும் சேர்ந்த அந்தக் கலவையைத் தமிழில் இழுத்துவர எந்தத் தேவையும் இல்லை.

சரி, பொதுவாகத் தமிழில் எது? மூன்று சொற்கள் போட்டியில் இருக்கின்றன: விண்வெளி வீரர், விண்ணோடி, விண்வெளிப் பயணி.

'வீரர்' வேண்டாம், அது போர்க்களச் சொல் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதம் நிற்காது. கிரிக்கெட் வீரர், சதுரங்க வீரர், தீயணைப்பு வீரர் என்று அந்தச் சொல் வாளைக் கீழே போட்டு வெகு நாளாகிறது. அதன் உண்மையான தொல்லை பெண்கள் வரும்போது. 'வீராங்கனை' என்று தனிச் சொல் போட்டாக வேண்டும், இருவரும் கலந்த குழுவென்றால் 'வீரர், வீராங்கனைகள் நால்வர்' என்று வாக்கியம் நொண்டும். பெண் பெயர் எங்கே வருகிறது என்று பார்த்துப் பார்த்து விகுதி மாற்ற வேண்டும்.

'விண்ணோடி' இந்தத் தொல்லை இல்லாதது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே வடிவம், பன்மை 'விண்ணோடிகள்', வினை வழக்கம்போல 'வந்தார்', 'வந்தார்கள்'. பொருளும் மிகப் பொருத்தம். தமிழில் 'ஓடுதல்' என்பது காலால் ஓடுவது மட்டுமல்ல, கப்பலில் செல்வதும்தான். 'கடலோடி' என்ற சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. கிரேக்கர்கள் கப்பலோட்டியை விண்ணில் ஏற்றியதுபோல நாமும் கடலோடியை ஏற்றுகிறோம், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் வேண்டும். 'விண்' என்பது தனிக்குறிலும் ஒற்றும். அதற்கு அடுத்து உயிரெழுத்து வந்தால் ஒற்று இரட்டிக்கும். எனவே விண் + ஓடி = விண்ணோடி. 'விண்ஓடி' என்று பிரித்து ஒட்டுவதும் 'விண்வோடி' என்று வகரம் நுழைப்பதும் பிழை.

'விண்வெளிப் பயணி' தப்பான சொல்லல்ல, ஆனால் அது இன்னொரு வேலைக்குத் தேவைப்படுகிறது. தமிழில் பயணி என்றால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து வருகிறவர். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்து, கலத்தின் வால்வு ஒவ்வொன்றையும் தெரிந்துவைத்திருப்பவரை அப்படிச் சொன்னால் அவர் வேலை மறைந்துபோகும். அதே சமயம், கலத்துக்குள் இருந்த எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச் சொல் வேண்டும், பணம் கட்டிப் போகிறவர்களைச் சொல்லவும் ஒன்று வேண்டும். பயணி அங்கே உதவும். 2001 ஏப்ரல் 28 அன்று சோயுஸ் டிஎம்-32 கலத்தில் போன டென்னிஸ் டிட்டோவை ஊடகங்கள் சுற்றுலாப் பயணி என்றன. விண்வெளி நிறுவனங்களின் ஏடுகளில் அந்த வகைக்கு 'விண்பயணப் பங்கேற்பாளர்' என்ற பொருளில் தனிப் பெயர் உண்டு. அமெரிக்கச் சட்டத்திலும் 2004 முதல் அந்த வகை இருக்கிறது. கலத்தை இயக்கும் பணியாளர் வேறு, பங்கேற்பாளர் வேறு. 2015-இல் 'அரசு விண்ணோடி' என்று மூன்றாவதாக ஒரு வகையும் சேர்ந்தது.

பதவிப் பெயர்களில் இன்னும் நுணுக்கமாக வழுக்கும். ஆக்சியம்-4 பயணத்தில் சுக்லாவின் பதவி பைலட், தளபதி பெக்கி விட்சன். பைலட் என்றதும் 'கலத்தை ஓட்டிச் சென்றார்' என்று எழுதத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். விண்கலங்களில் பைலட் என்பவர் பெரும்பாலும் இரண்டாம் பொறுப்பில் இருப்பவர். ஷட்டில் காலத்தில் கலத்தைத் தரையிறக்கும் வேலை வழக்கமாகத் தளபதியுடையது, பைலட் துணை. ஆக்சியம்-4 குழு ஏறிய டிராகன் கலமோ நிலையத்தோடு இணைவது உட்படத் தானாகவே செய்துகொள்ளும், மனிதர்கள் திரையைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் தலையிடுவார்கள். ஆகவே 'பைலட்டாகப் பணியாற்றினார்' என்பதோடு நிறுத்திக்கொள்வதே பத்திரம். 'விமானி' வேண்டாம், அது விமானத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். ஷட்டிலின் 'பணித்திட்ட வல்லுநர்', 'பேலோடு வல்லுநர்' இரண்டையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. முதலாமவர் நாசாவின் நிரந்தரப் படை. இரண்டாமவர் குறிப்பிட்ட கருவிக்காகவோ ஆய்வுக்காகவோ வெளியிலிருந்து சேர்பவர். 2003-இல் திரும்பி வராத கொலம்பியா ஷட்டிலில் கல்பனா சாவ்லா முதல் வகை, இஸ்ரேலின் இலான் ரமோன் இரண்டாம் வகை.

உயரம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'விண்வெளிக்குப் போன இத்தனையாவது ஆள்' என்று எழுதும்போது அடிவாங்குவது இங்கேதான். விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு கோடுகள் உண்டு. பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு 100 கிலோமீட்டரில் கோடு போடுகிறது, அதுதான் கார்மன் கோடு. அமெரிக்க ராணுவம் 50 மைல் கணக்கு வைக்கிறது, அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2021 ஜூலை 11 அன்று ரிச்சர்ட் பிரான்சன், சிரிஷா பாண்ட்லா உள்ளிட்டோர் பறந்த யூனிட்டி கலம் தொட்ட உயரம் 86 கிலோமீட்டர். ஒரு கோட்டின்படி அவர்கள் விண்வெளிக்குப் போனவர்கள், இன்னொரு கோட்டின்படி போகாதவர்கள். எண்ணிக்கை எழுதும்போது எந்தக் கோடு என்று அரை வரி சேர்த்தால் போதும், வாசகர் கடிதம் வராது. 2021 ஜூலை 20 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் தன் வணிக விண்ணோடிச் சிறகுப் பதக்கத்துக்கு விதியை இறுக்கியது. 50 மைல் தாண்டினால் மட்டும் போதாது, பறக்கும்போது பொதுமக்கள் பாதுகாப்புக்கோ மனித விண்பயணப் பாதுகாப்புக்கோ உதவும் வேலை எதையாவது செய்திருக்க வேண்டும் என்றது. உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தவர் விண்ணோடியல்ல, பயணி என்பதுதான் அதன் சாரம். நான் மேலே சொன்ன பிரிவினைக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1967-இன் விண்வெளி ஒப்பந்தம் விண்ணோடிகளை மனிதகுலத்தின் தூதர்கள் என்று சொல்கிறது, ஆனால் விண்ணோடி யார் என்று வரையறுக்கவில்லை. 1968-இன் மீட்பு உடன்பாடு தலைப்பில் விண்ணோடி என்று போட்டுவிட்டு உள்ளே 'விண்கலப் பணியாளர்' என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறிவிடுகிறது. பணம் கட்டிப் போகிறவர் இந்தப் 'பணியாளர்' வகைக்குள் வருவாரா என்பது வழக்கறிஞர்கள் இன்னும் மென்றுகொண்டிருக்கும் கேள்வி. மூலத்தில் இரண்டு சொல் இருந்தால் தமிழிலும் இரண்டு சொல் இருக்கட்டும். அழகுக்காக ஒன்றாக்கினால் அந்தக் கேள்வியே காணாமல் போய்விடும்.

போகிற போக்கில் ஒன்று. ஆங்கிலத்தில் ஆண்பால் வாடை அடிக்கிறது என்று 'ஆள் ஏறிய', 'ஆளில்லா' என்பவற்றுக்கான பழைய சொற்களை நாசா மாற்ற வேண்டியிருந்தது. நம் 'ஆள்' எப்போதும் இருபாலுக்கும் பொது. 'ஆளில்லா விண்கலம்' என்று நாம் நிம்மதியாக எழுதலாம்.

இனி செயற்கைக்கோள்கள்.

இங்கே குழப்பத்தின் வேர் ஒரே ஒரு சொல். வானத்தில் விண்மீன்களைக் கோடு போட்டு இணைத்து ஓரையன், சப்தரிஷி என்று பார்க்கிறோமே, அதற்கு வானியலில் உள்ள 'கான்ஸ்டலேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் ஒரே வேலைக்காகச் சேர்ந்து இயங்கும் செயற்கைக்கோள்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அந்த வானியல் சொல்லுக்கு விண்மீன் குழாம், உடுத்தொகுதி, நட்சத்திரக் கூட்டம் என்று பல பெயர்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இதில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடும். இணைய இணைப்புத் தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கு 'ஸ்டார்லிங்க் விண்மீன் கூட்டம்' என்ற விசித்திரப் பெயர் பிறப்பது அப்படித்தான். அங்கே விண்மீன் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு 'விண்மீன் கூட்டம்' என்பதைச் சிலர் பால்வீதி போன்ற விண்மீன் பேரடைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

என் தேர்வு 'செயற்கைக்கோள் தொகுதி'. இலங்கையில் எழுதுகிறவர்கள் 'செய்மதித் தொகுதி' என்பார்கள். செய் + மதி, செய்யப்பட்ட நிலா. நேர்மையாகச் சொன்னால் நம் 'கோளை'விட அதுதான் பொருளுக்கு நெருக்கம், பூமியைச் சுற்றுவது கோளல்ல, நிலாதான். 'தொகுதி' தேர்தலை நினைவூட்டும் என்பது உண்மை. முன்னால் 'செயற்கைக்கோள்' வந்துவிட்டால் அந்தக் குழப்பம் ஒரு நொடிக்கு மேல் நிற்காது.

ஆனால் பலவாக இருப்பதெல்லாம் தொகுதி ஆகாது. செயற்கைக்கோள்களுக்கு இடையே என்ன உறவு என்று பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

தொகுதி என்றால் உறவு பூமியோடு. எந்த நேரத்தில் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் தேவையான எண்ணிக்கை தலைக்கு மேல் இருக்க வேண்டும், அதற்கேற்ப வடிவம் வகுக்கப்பட்டிருக்கும். ஜிபிஎஸ் அப்படி: அடிப்படை வடிவமைப்பில் 24 செயற்கைக்கோள்கள், ஆறு தளங்கள், 20,200 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டிலிருந்து 55 பாகை சாய்வு. தரையில் இருக்கும் கருவி தன் இடத்தையும் நேரத்தையும் கணிக்க ஒரே சமயத்தில் குறைந்தது நான்கு தெரிய வேண்டும். இரண்டு செயற்கைக்கோள்களுக்கு இடையே சில கிலோமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அங்கே குடிமுழுகிவிடாது.

'தளம்' என்ற சொல்லை விட்டுவிட்டுத் தொகுதியை விளக்கவே முடியாது. பூமியின் மையம் வழியாகப் போகும் ஒரு தட்டையான வட்டத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் வரிசையாகச் சுற்றுபவை ஒரே தளத்தைச் சேர்ந்தவை. தொகுதிகளை 'வாக்கர் குறியீடு' என்ற ஒன்றால் எழுதுவார்கள். ஜிபிஎஸ் போலவே இடம் காட்டும் ஐரோப்பியத் தொகுதியான கலிலியோவின் குறியீடு 56 பாகை, 24/3/1. 56 பாகை என்பது சாய்வு. மொத்தம் 24, தளங்கள் 3, ஆக ஒரு தளத்தில் 8. தளங்களுக்குள் இடைவெளி 120 பாகை. ஒரே தளத்தில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 360-ஐ 8-ஆல் வகுத்தால் 45 பாகை. கடைசி எண்ணான 1 என்பது பக்கத்துத் தளத்தில் இருப்பது எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதைச் சொல்கிறது: 1 பெருக்கல் 360, வகுத்தல் 24, அதாவது 15 பாகை. மூன்று எண்களில் முழு வடிவமும் அடங்கிவிட்டது. இதை 'மூன்றில் ஒரு பங்கு', 'தேதி' என்றெல்லாம் தவறாகப் புரிந்து எழுதாமல் இருந்தால் சரி.

தளம் ஏன் இவ்வளவு முக்கியம்? தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் நொடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் தளத்தை ஒரே ஒரு பாகை திருப்ப நொடிக்கு ஏறத்தாழ 130 மீட்டர் திசைவேக மாற்றம் தேவை. எரிபொருள் கணக்கில் அது பெரிய செலவு. 60 பாகை திருப்ப வேண்டுமென்றால் சுற்றும் வேகத்துக்குச் சமமான மாற்றமே தேவைப்படும், மறுபடி ராக்கெட் ஏவுவதற்குச் சமம். அதனால்தான் பழுதானவற்றுக்கு மாற்றாக நிற்கும் உதிரிச் செயற்கைக்கோள்களைத் தளத்துக்குத் தளம் தனித்தனியாக வைக்கிறார்கள். 'தொகுதியில் உதிரி இருக்கிறது, கவலையில்லை' என்று எழுதும் முன் எந்தத் தளத்தில் என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தளத்தின் உதிரி பெரும்பாலும் இந்தத் தளத்துக்கு உதவாது.

எரிபொருள் செலவழிக்காமல் தளம் மாறவும் ஒரு வழி உண்டு, பொறுமை வேண்டும். பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதால் சுற்றுப்பாதைத் தளங்கள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். 53 பாகை சாய்வில் 550 கிலோமீட்டர் உயரத்தில் அது நாளுக்குச் சுமார் 4.5 பாகை மேற்கே நகரும். 350 கிலோமீட்டரில் சுமார் 5 பாகை. வித்தியாசம் நாளுக்கு அரைப் பாகை. ஒரே ராக்கெட்டில் போனவற்றில் சிலவற்றைத் தாழ்வாகவே சுற்றவிட்டு 40 நாள் காத்திருந்தால் தளம் 20 பாகை விலகியிருக்கும், பிறகு மேலே ஏற்றிக்கொள்ளலாம். 'ஏவி ஒரு மாதமாகியும் ஏன் இன்னும் தாழ்வாகவே சுற்றுகிறது, கோளாறா?' என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

அணிவகுப்பு வேறு. அங்கே உறவு ஒன்றுக்கொன்று. இடைவெளிதான் கருவி. 2024 டிசம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி59 ஏற்றிச் சென்ற ஐரோப்பாவின் புரோபா-3 இதற்கு நல்ல உதாரணம். இரண்டு கலங்கள். ஒன்று 1.4 மீட்டர் வட்டத்தட்டால் சூரியனை மறைக்கும். இன்னொன்று 150 மீட்டர் பின்னால் அந்த நிழலில் நின்று சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவைப் படமெடுக்கும். மில்லிமீட்டர் துல்லியத்தில் நிற்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் சூரிய ஒளி நேரே கருவிக்குள் விழும். பூமிக்கு அருகே ஈர்ப்பு வேறுபாடுகள் அதிகம், எரிபொருள் எகிறிவிடும். அதனால் 60,000 கிலோமீட்டருக்கு மேல் வரை போகும் நீள்வட்டப் பாதையின் உச்சிப்பகுதியில் இருக்கும்போது மட்டும், சுற்றுக்கு ஆறு மணி நேரம்போல, அணிவகுத்து நிற்கும். இதைத் 'தொகுதி' என்று எழுதினால் அதன் வேலையே புரியாமல் போகும். 2002-இல் ஏவிய கிரேஸ் இரட்டையர்கள் இன்னொரு வகை அணிவகுப்பு. 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, அந்த இடைவெளி எப்படிக் கூடிக் குறைகிறது என்பதை மைக்ரான் அளவில் அளந்து, கீழே பூமியின் ஈர்ப்பு எங்கே எவ்வளவு என்று வரைபடம் போட்டவை.

தொடர் என்பது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது. ரயில் என்று எழுதினாலும் குற்றமில்லை, மூலத்திலும் அப்படித்தான். இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. நாசாவின் 'ஏ-டிரெயின்' திட்டமிட்டு அமைத்த தொடர். அக்வா, ஆரா முதலியவை 705 கிலோமீட்டர் உயரத்தில் பிற்பகல் 1.30 மணியளவில் நிலநடுக்கோட்டைக் கடந்து, ஒரே மேகத்தைச் சில நிமிட இடைவெளியில் வேறு வேறு கருவிகளால் பார்ப்பதற்காக அமைந்தது. ஸ்டார்லிங்க் ஏவிய சில நாள்களில் அந்தி வானில் மணி கோத்ததுபோல் போகும் ஒளிப்புள்ளிகளோ தற்காலிகம். ஒரே இடத்தில் விடுவிக்கப்பட்டவை பிரியும் முன் தெரியும் காட்சி, அவ்வளவே. உயரம் ஏறியதும் கலைந்துவிடும்.

திரள் என்ற சொல்லை, நிலையான இடம் இல்லாமல், தங்களுக்குள் தகவல் பரிமாறித் தாங்களே முடிவெடுக்கும் சிறு கலங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கொத்து என்பது, தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்பவை. தரையிலிருக்கும் தட்டு ஆண்டெனாவுக்கு ஒரே புள்ளிபோலத் தெரியும். மேலே அந்தப் 'புள்ளி' பெரியது, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் 0.1 பாகை என்பது ஏறத்தாழ 74 கிலோமீட்டர். ஒரு நிறுவனம் வைத்திருக்கும் செயற்கைக்கோள்கள் அனைத்தையும் சேர்த்துச் சொல்ல எந்தத் தனிச்சொல்லும் தேவையில்லை. 'அந்த நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள்' என்றாலே போதும். 'கடற்படை' என்பதுபோல் படை சேர்த்து எழுதினால் ராணுவம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு பிரித்துவைத்த பிறகும் சிறப்புப் பெயர்கள் காலை வாரிவிடும். ஐரோப்பாவின் 'ஸ்வார்ம்' திட்டத்துக்குப் பெயர் திரள், இருப்பவை மூன்றே மூன்று, 2013-இல் ஏவியவை. அதன் 'கிளஸ்டர்' 2024 வரை இயங்கிய நான்கு கலங்களின் அணிவகுப்பு. பூமியைப் படமெடுக்கும் பிளானட் நிறுவனம் தன் சிறு செயற்கைக்கோள்களைப் புறாக்கள் என்றும் ஒரு தவணையில் போகிறவற்றைப் பறவைக் கூட்டம் என்றும் அழைக்கிறது. 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 கொண்டுபோன 104-இல் 88 அந்தப் புறாக்கள். இதை 'மந்தை' என்று மொழிபெயர்த்தால் ஆடு மாடுதான் நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட பெயர்களை ஒலிபெயர்த்துவிட்டு, பக்கத்தில் அது உண்மையில் என்ன வகை என்று சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: ஒரே ராக்கெட்டில் போனதாலேயே 104-ம் ஒரு தொகுதி ஆகிவிடவில்லை. அவை ஒரே பேருந்தில் வந்தவர்கள், ஒரே குடும்பமல்ல.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். '60 செயற்கைக்கோள்கள் கொண்ட விண்மீன் கூட்டம் விண்ணில் நிலைநிறுத்தப்பட்டது.' 2019 மே மாத ஸ்டார்லிங்க் ஏவலைப் பற்றி இப்படி எழுதினால் மூன்று தவறு. விண்மீன் இல்லை என்பது தெரிந்ததே. 60 என்பது தொகுதியல்ல, தொகுதியின் முதல் தவணை. ஒரே உயரத்தில் சுற்ற வேண்டிய அந்த முதல் அடுக்கின் திட்டமே 72 தளங்களில் தளத்துக்கு 22 வீதம் 1,584. மூன்றாவது, நம் ஏடுகளின் செல்லச் சொல்லான 'நிலைநிறுத்தப்பட்டது'. அன்று அவை எங்கும் நிலைபெறவில்லை, 440 கிலோமீட்டரில் விடுவிக்கப்பட்டன, அங்கிருந்து சொந்த உந்தியால் 550-க்கு ஏற வேண்டியிருந்தது. 'தொகுதியின் முதல் தவணையாக 60 செயற்கைக்கோள்கள் 440 கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்கப்பட்டன' என்றால் நீளமும் கூடவில்லை, தப்பும் இல்லை.

'விடுவித்தல்', 'நிலைபெறுதல்' இரண்டும் வேறு என்பதற்கு 2022 பிப்ரவரி சாட்சி. 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒழுங்காகவே விடுவிக்கப்பட்டன. உடனே வந்த புவிகாந்தப் புயலில் மேல் வளிமண்டலம் உப்பி, இழுவை கூடி, ஏறக்குறைய 40 செயற்கைக்கோள்கள் மேலே ஏற முடியாமல் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்தன. ஆகவே எண்ணிக்கை எழுதும்போது ஏவியவை, சுற்றிக்கொண்டிருப்பவை, வேலை செய்பவை என்று மூன்றில் எது என்பதைச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் வழித் தொலைபேசிச் சேவை தரும் இரிடியம் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை 2017 முதல் 2019 வரை ஏவியது 75, அதில் சேவைக்கு 66, மீதி 9 உதிரி. ஆறு தளங்களில் தளத்துக்குப் பதினொன்று. அந்தப் பெயரின் கதையும் எண்ணிக்கைக் கதைதான். முதலில் திட்டமிட்டது 77 செயற்கைக்கோள்கள், இரிடியம் தனிமத்தின் அணு எண் 77, அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்கள் மாதிரி என்று பெயர் வைத்தார்கள். பிறகு கணக்கைச் சரிபார்த்து 66 போதும் என்றார்கள். 66-ஆம் தனிமத்தின் பெயர் டிஸ்ப்ரோசியம். பழைய பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.